லமாலாவின் கழுத்து

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் ஸ்ட்ராஸ்பூரில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு அம்மா தன்னுடைய மண் அச்சைத் தந்து, உயிர்த்த ஞாயிறுக்கு லமாலா சுடச் சொன்னார். ஆட்டுக்குட்டி வடிவில் சுடும் கேக். முன்கூட்டியே சுட்டுப் பழகுகிறேன். வழக்கமான ஸ்பொஞ்ச் மாவில் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போட்டு, 200 டிகிரியில் 25 நிமிடம் வைத்தேன். சுடச்சுடத் திறந்ததில் தலை அச்சிலேயே நின்றுவிட்டது. அடுத்த முறை நேரத்தைக் கூட்டி, இரவு முழுக்க அச்சிலேயே ஆறவிட்டேன். உடம்பும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. தூவிய ஐசிங் சுகரும் உருகிப் போனது. ஆறு வயது மகள் தலையில்லாத ஆடு வேண்டாம் என்று அழுகிறாள். எங்கே பிழை விடுகிறேன்?

ம., ஸ்ட்ராஸ்பூர்

அன்புள்ள ம.,

மகள் அழ வேண்டாம். உங்கள் இரண்டு பிழைகளும் திருத்தக்கூடியவை.

அச்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். குட்டியின் அடிவயிற்றுப் பக்கம்தான் திறப்பு. மாவு ஊற்றுவதும் சுடுவதும் தலைகீழாகத்தான். மண் மெல்லச் சூடேறும். 200 டிகிரியில் திறப்புப் பக்கம் சீக்கிரம் சிவந்து, வெந்துவிட்டது போலத் தெரியும். ஆழத்தில் இருக்கும் தலை அப்போதும் அரைவேக்காடு. முதல் முறை தலை நின்றது அதனால்தான். இரண்டாம் முறை நடந்தது வேறு: மூடிய அச்சுக்குள் ஆறும்போது ஆவி நீராகிக் கேக்கின் தோலை நனைக்கிறது, நனைந்த தோல் மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. பேக்கிங் பவுடருக்கும் இதில் பங்குண்டு. மாவு வேகமாகப் பொங்கிப் பெரிய துளைகளை விடும். கழுத்து போன்ற ஒல்லியான இடத்தில் அப்படி ஒரு துளை விழுந்தாலே போதும், முறிந்துவிடும்.

நீங்கள் இருக்கும் அல்சாஸ் பகுதியில் லமாலா முட்டையில் ஏற்றும் காற்றை நம்பியே எழும்புகிறது. தவக்காலத்தில் முட்டை விலக்கப்பட்டிருந்த நாளில், சேர்ந்துபோன முட்டைகளுக்கு உயிர்ப்புப் பெருவிழா வழி திறந்தது. அதனால் இந்தக் கேக்கில் முட்டைதான் ராஜா. வெண்ணெய் அச்சுக்கு மட்டும்.

முதலில் அச்சில் அரிசியை நிரப்பி, அதைக் கொட்டி அளந்துகொள்ளுங்கள். ஒரு லிட்டர் அளவு என்றால்: நடுத்தர முட்டை 3, சர்க்கரை 90 கிராம், கோதுமை மா 60 கிராம், சோள மா (அங்கே மைசேனா என்று கேளுங்கள்) 30 கிராம், ஒரு எலுமிச்சையின் தோல் துருவல், ஒரு சிட்டிகை உப்பு. சோள மா சேர்த்தால் கேக் மெத்தென்று வரும். ருசியாக இருக்கிறதே என்று அதைக் கூட்டினால் கழுத்து பொடியும்.

அச்சுக்குப் பூசும் வெண்ணெய் உருகியிருக்கக் கூடாது. உருகியது வழிந்து, அடியில் இருக்கும் காதுகளில் தேங்கும். மேலே பூச்சே நிற்காது. களிம்பு போல இளகிய வெண்ணெயைத் தூரிகையால் காது, மூக்கு, கம்பளிச் சுருள் என ஒவ்வொரு பள்ளத்திலும் தேயுங்கள். பிறகு மா தூவி, கவிழ்த்து உதறுங்கள். இணைப்பு விளிம்பில் பழைய துகள் இருந்தால் சுரண்டிவிட்டு இரு பாதியையும் கவ்வியால் இறுக்குங்கள்.

முட்டையையும் சர்க்கரையையும் வெந்நீர்ச் சட்டியின் மேல் வைத்து, விரல் பொறுக்கும் சூடு வரும்வரை கலக்குங்கள். இறக்கி, மின் பீட்டரால் எட்டு முதல் பத்து நிமிடம் அடியுங்கள். இங்கே அவசரம் கூடாது. பீட்டரைத் தூக்கினால் கலவை நாடா போல விழ வேண்டும், விழுந்த தடம் சில நொடி மேலேயே நிற்க வேண்டும். உடனே அமிழ்ந்தால் இன்னும் அடியுங்கள். மாவையும் உப்பையும் துருவலையும் மூன்று தடவையாகச் சலித்துப் போட்டு, அகப்பையால் அடியிலிருந்து மேலே புரட்டுங்கள். சுற்றிக் கலக்கினால் காற்று போய்விடும்.

முதலில் இரண்டு கரண்டி மட்டும் ஊற்றி அச்சை அப்படியும் இப்படியும் சாய்த்தால் காதில் அடைபட்ட காற்று வெளியேறும். மண் அச்சு, தட்ட வேண்டாம். முக்கால் பாகம் வரை நிரப்புங்கள், மீந்ததைச் சின்னக் கிண்ணத்தில் சுடலாம். தட்டின் மேல் வைத்து, முன்பே சூடாக்கிய ஓவனின் கீழ்த்தட்டில் 170 டிகிரி, 35 முதல் 40 நிமிடம். நீண்ட மூங்கில் குச்சியைத் தலை வரை இறக்கிப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால்தான் வெந்தது.

வெளியே எடுத்து மரப்பலகையில் வையுங்கள். ஈரத் துணியிலோ கருங்கல் மேடையிலோ வைத்தால் அச்சு விரிசல் விடும். சுடச்சுடத் திறப்பதற்கும் இரவு முழுக்க விடுவதற்கும் நடுவே நல்ல நேரம் 10 முதல் 15 நிமிடம். கவ்வியைக் கழற்றிப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மேல் பாதியை நேராகத் தூக்குங்கள். ஆவி போக ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு கழுத்துக்கு அடியில் ஒரு கை கொடுத்துக் குட்டியை எடுத்து, கம்பித் தட்டில் படுக்கவைத்தே முழுக்க ஆறவிடுங்கள். அதன் பிறகுதான் அடியை ரொட்டிக் கத்தியால் சமமாக வெட்டி நிறுத்த வேண்டும்.

ஐசிங் சுகர் உருகியதற்குக் காரணம் சூடும் ஈரமும். பரிமாறுவதற்குச் சற்று முன் வடிகட்டியால் தூவுங்கள். இந்த வேலையை மகளிடம் விடுங்கள், வெள்ளைக் கம்பளி போர்த்துவது அவளுக்குப் பிடிக்கும். குட்டியின் முதுகில் குத்தும் காகிதக் கொடியும் அவளே செய்யட்டும்: அல்சாஸின் சிவப்பு வெள்ளை, அல்லது திருத்தந்தையின் மஞ்சள் வெள்ளை, இரண்டும் அங்கே வழக்கம்.

இவ்வளவுக்குப் பிறகும் கழுத்து விட்டுப்போனால், முறிந்த இடத்தில் சூடாக்கிய ஆப்ரிகாட் ஜாம் தடவி, மூங்கில் குச்சியைச் செருகித் தலையைப் பொருத்துங்கள். மேலே ஒரு சிவப்பு நாடா கட்டினால் ஒட்டு தெரியாது. அல்சாஸ் குட்டிகளின் கழுத்தில் எப்படியும் நாடா உண்டு. வெட்டும்போது மட்டும், மகளுக்குத் தலையைத் தருவதற்கு முன் குச்சியை உருவிவிடுங்கள்.