அப்பாவின் கோபமும் பாத்ரூமில் விழுந்ததும்

உங்கள் அப்பா கெட்டவராக மாறிவிடவில்லை அம்மா. 68 வயது வரை யாரையும் அதட்டாதவர் இந்த ஒரு மாதமாக மருமகளைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார், பேரனை அடிக்கக் கை ஓங்குகிறார், பகலெல்லாம் தூங்கி வழிகிறார். "இதுதான் அவருடைய உண்மையான முகமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரிதான் எனக்குக் கவலை தருகிறது: இரண்டு மாதத்துக்கு முன்னால் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார்.

வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும். அதன் மேலுள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், லேசாக அடிபட்டாலே கசியும். அந்த ரத்தம் வாரக்கணக்கில் மெல்லச் சேர்ந்து மூளையை அழுத்தும். நாக்கு நுனி வரை வந்த வார்த்தையை விழுங்க வைப்பதும், ஓங்கிய கையை இறக்க வைப்பதும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி. அது அழுந்தினால் நினைவு தெளிவாக இருக்கும்போதே குணம் மாறலாம். 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்டில் பினியஸ் கேஜ் என்ற ரயில்பாதை மேஸ்திரியின் கன்னத்தில் நுழைந்த இரும்புக் கம்பி இதே பகுதியைக் கிழித்துக்கொண்டு உச்சந்தலை வழியாக வெளியேறியது. பிழைத்தார், பேசினார், நடந்தார். ஆனால் பொறுமையும் மரியாதையும் போய்விட்டன. 'இவர் பழைய கேஜ் இல்லை' என்றார்கள் நண்பர்கள்.

உங்கள் அப்பாவுக்கு இருப்பது ரத்தக்கட்டுதான் என்றால் வழி இருக்கிறது. மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் பழைய குணம் திரும்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன். இன்றைக்கே சி.டி. ஸ்கேன் எடுங்கள். டாக்டரிடம் முதல் வாக்கியமாக விழுந்ததைச் சொல்லுங்கள். வாந்தி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, தட்டினாலும் கண் திறக்காத தூக்கம், இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரையை இனி கொடுக்கவே கூடாது. தூங்கி வழிவது ரத்தக்கட்டாலா மாத்திரையாலா என்று எந்த டாக்டராலும் பார்த்துச் சொல்ல முடியாமல் போய்விடும். அந்த அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இதய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

கடிதத்தில் கேட்டிருந்த மற்றவை? நடிகர் பெயர் மறப்பது ஒன்றுமில்லை. பழைய ஸ்கேனில் 'வயதுக்கேற்ற சுருக்கம்' என்று இருப்பது நரை மாதிரி. வலது மூளை ஆள், இடது மூளை ஆள் என்று மனிதர்களில் இரண்டு வகை உண்டு என்று யூடியூபில் பார்த்த கதையை விட்டுவிடுங்கள். ஸ்கேனில் எதுவும் இல்லையென்றால் ரத்தத்தில் சோடியம், தொற்று, மறதிநோய் என்று அடுத்தடுத்துப் பார்க்கலாம். மந்திரிக்கக் கூட்டிப்போக வேண்டும் என்கிற உங்கள் அம்மாவிடம், முதலில் ஸ்கேன் என்று சொல்லுங்கள்.