அயர்லாந்து முன்னோரைத் தேடி டப்ளின் நூலகத்துக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பாட்டியின் தாத்தா அயர்லாந்துக்காரர். பரங்கிமலைப் பட்டாளத்தில் இருந்தவர். பெயரும் கத்தோலிக்கர் என்பதும் மட்டும்தான் தெரியும். டப்ளினில் மூன்று நாள் தங்கப் போகிறேன். அங்குள்ள தேசிய நூலகத்தில் முதலில் எதைக் கேட்பது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: அங்கே போய்க் கேட்பதற்கு முன், இங்கேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கில்டேர் தெருவிலுள்ள அந்த நூலகத்தின் பதிவேடுகள் பங்கு வாரியாக, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்ப்பகுதி வாரியாக, அடுக்கப்பட்டவை. எந்தக் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது), எந்தப் பங்கு என்று தெரியாமல் வெறும் பெயரோடு போனால் மூன்று நாளும் வீணாகும். அதிலும் மர்பி, கெல்லி, சல்லிவன் போன்ற பெயர் என்றால் ஒரே காலத்தில் ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்திருப்பார்கள். ஆகவே அவர் பிறந்த இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள்.

உங்கள் விஷயத்தில் அதற்கு நல்ல வழி இருக்கிறது. அவர் பட்டாளத்துக்காரர். சென்னையில் நடந்த திருமணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் அக்காலத்தில் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் உள்ளன. எல்லாக் கத்தோலிக்கப் பதிவுகளும் அதில் வந்துவிடவில்லை. கிடைக்காவிட்டால் பரங்கிமலை, பெரம்பூர் பகுதிக் கோயில்களின் பழைய பதிவேடுகளைக் கேட்டுப் பாருங்கள். திருமணப் பதிவில் பதவியும் ரெஜிமென்ட்டும் எழுதியிருக்கும். ரெஜிமென்ட் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்து, அவர் அரசியின் படையா, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையா என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அரசின் படை என்றால், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 97 என்ற வரிசை. இது பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் தாள். இன்ன பங்கு, இன்ன நகரத்துக்கு அருகில், இன்ன கவுன்ட்டி என்று பிறந்த இடம் அதில் இருக்கும். நீங்கள் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். ஆனால் 1883க்கு முன்பு ஓய்வூதியம் பெற்றவர்களின் தாள்கள்தான் பெரும்பாலும் இதில் உண்டு. பணியில் இருக்கும்போதே இறந்தவர் என்றால் இங்கே தேடிப் பயனில்லை, படையின் வருகைப் பட்டியல்களைத்தான் பார்க்க வேண்டும். கம்பெனியின் ஐரோப்பியப் படை என்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் எல்/மில்/11 வரிசை, அதாவது சென்னைப் படையின் ஆவணங்கள். கம்பெனியின் சென்னை ஐரோப்பியப் படைதான் பிறகு அரசுப் படையாகி, 1881இல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. ஆகவே ஒரே ஆளின் தாள்கள் இரண்டு இடத்திலும் சிதறியிருக்கலாம்.

பங்கின் பெயர் கைக்கு வந்த பிறகு டப்ளினுக்குப் போங்கள். அங்கே வம்சாவளி ஆலோசனைப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. பெயர், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு, மதம், பெற்றோர் பெயர், பிறந்த இடம், இதுவரை எங்கெல்லாம் தேடினீர்கள் என்பதை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். குடும்பக் கதையை முழுக்கச் சொல்லத் தொடங்கினால் ஆலோசகரின் நேரம் அதிலேயே போய்விடும்.

கேள்வி: பங்குப் பதிவேடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன என்கிறார்களே, பிறகு நேரில் ஏன் போக வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பதிவேடுகளுக்காக மட்டும் போக வேண்டாம், அது வீண் செலவு. தன்னிடமிருந்த மைக்ரோஃபிலிம்களை நூலகம் 2015 ஜூலையில் இணையத்தில் ஏற்றிவிட்டது. வட அயர்லாந்து உட்பட முழுத் தீவையும் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள், பெரும்பாலும் 1880 வரை. பெயர் அட்டவணை நூலகத்தின் தளத்தில் இல்லை. வேறு வம்சாவளித் தளங்களில் அட்டவணை உண்டு.

நேரில் போக வேண்டியது நிலக்கிழார்களின் எஸ்டேட் கணக்குகளுக்காக. ஏழைக் குத்தகைதாரர்களின் பெயர், அவர்கள் கட்டிய குத்தகை, நிலுவை எல்லாம் ஆண்டுவாரியாக அவற்றில் இருக்கும். சில கணக்குகளில் ‘வெளியேற்றப்பட்டார்’, ‘கப்பலேறினார்’ என்ற ஓரக்குறிப்பும் இருக்கும். பங்குப் பதிவேடு தொடங்குவதற்கு முந்தைய காலத்தைத் தொட பல குடும்பங்களுக்கு இது ஒன்றே வழி. லிஸ்மோர், க்ளான்பிராக் போன்ற பெரிய எஸ்டேட்களின் தொகுப்புகள் இந்த நூலகத்தில்தான் உள்ளன.

அதைத் தேடும் முறை இது. 1847 முதல் 1864 வரை நாடு முழுவதும் எடுத்த கிரிஃபித் நில மதிப்பீடு இணையத்தில் இலவசம். உங்கள் முன்னோர் அல்லது அவர் உறவினர் பெயருக்கு அடுத்த பத்தியில், நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் பெயர் இருக்கும். நூலக அட்டவணையில் அந்த நிலக்கிழாரின் குடும்பப்பெயரையும் கவுன்ட்டியையும் போட்டுத் தேடுங்கள். ஒன்றும் வராவிட்டால் அவர் இடைத்தரகராக இருக்கலாம். பக்கத்து ஊர்களில் பெரும் பரப்பு யார் கையில் இருந்தது என்று பார்த்து, அந்தப் பெயரில் தேடுங்கள். கையெழுத்துப் பிரதிகளுக்கு வேறு வாசிப்பறை உண்டு. சில கட்டுகள் வெளியிடத்தில் சேமிக்கப்பட்டிருக்கும் என்பதால், எண்ணைக் குறித்து முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய உள்ளூர்ச் செய்தித்தாள்களும் வணிகர் கையேடுகளும் அங்கே நிறைய உண்டு. முன்னோர் நகரத்தில் கடை வைத்திருந்தவர் என்றால் அவற்றை விடாதீர்கள்.

கேள்வி: சரியான பங்கைத்தான் பார்க்கிறேன். ஆனாலும் ஞானஸ்நானப் பதிவு கிடைக்கவில்லை. எங்கே தவறுகிறேன்?
– வாசகர், திருச்சி

பதில்: மூன்று இடங்களில் வழக்கமாகத் தவறு நேர்கிறது. முதலாவது வயது. கல்லறையிலும் படைத் தாளிலும் உள்ள வயதை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் அதற்கு முன்னும் பின்னும் ஐந்தாறு ஆண்டுகள் பாருங்கள். 1909இல் எழுபது வயதுக்காரர்களுக்கு ஓய்வூதியம் வந்தபோது பலரின் வயது ஒரே மூச்சில் ஏறியது. 1901 கணக்கெடுப்பையும் 1911 கணக்கெடுப்பையும் ஒப்பிட்டால் பத்தாண்டில் பதினைந்து வயது கூடியவர்களைக் காணலாம்.

இரண்டாவது பெயர். பல பதிவேடுகள் லத்தீனில் உள்ளன. ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ், வில்லியம் அங்கே குலியெல்முஸ். பெண்களில் ஹொனோரா, நோரா, ஹன்னா மூன்றும் ஒருவராக இருக்கலாம். பிரிஜெட்டும் டீலியாவும் அப்படியே. குடும்பப்பெயரின் முன்னுள்ள ‘ஓ’, ‘மக்’ வரும், போகும். எழுத்துக்கூட்டலைப் பொருட்படுத்தாமல் ஒலியைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் ஞானப்பெற்றோரின் பெயரும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். அவற்றை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயருள்ள இரண்டு தகப்பன்களைப் பிரித்துக் காட்டுபவை அவைதான்.

மூன்றாவது இடம். திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டுப் பங்கில் நடக்கும், தலைப்பிள்ளையின் ஞானஸ்நானமும் சில குடும்பங்களில் அங்கேயே நடக்கும். மேலும், கத்தோலிக்கப் பங்கின் எல்லையும் அரசின் சிவில் பங்கின் எல்லையும் ஒன்றல்ல. பிறப்பு–இறப்புப் பதிவு மாவட்டம் கவுன்ட்டி எல்லையையே தாண்டும். காரிக்-ஆன்-ஷூர் மாவட்டத்தில் மட்டும் டிப்பரரி, வாட்டர்ஃபோர்ட், கில்கென்னி ஆகிய மூன்று கவுன்ட்டிகளின் ஊர்கள் வரும்.

இதெல்லாம் பார்த்தும் கிடைக்கவில்லை என்றால், பதிவேடே அந்த ஆண்டுக்கு இல்லாமல் இருக்கலாம். மேற்கு அயர்லாந்தின் நாட்டுப்புறப் பங்குகள் பலவற்றில் 1820க்குப் பிறகுதான் பதிவேடே தொடங்குகிறது. எந்த ஆண்டுகளுக்கு உண்டு, எங்கே இடைவெளி என்பதை ஒவ்வொரு பங்கின் பக்கத்திலும் நூலகம் காட்டுகிறது. தேடத் தொடங்கும் முன் அதைப் பாருங்கள்.

கேள்வி: 19ஆம் நூற்றாண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூலகத்தில் கிடைக்குமா?
– வாசகி, மதுரை

பதில்: கிடைக்காது. 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி, 1922 ஜூன் 30 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த ஆவண அலுவலகம் எரிந்தபோது அழிந்தது. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே அழித்தது. 1881, 1891 ஆகியவை முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. முழுமையாகக் கிடைப்பவற்றில் மிகப் பழையவை 1901, 1911 இரண்டும். அவை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தக் கோயிலிலேயே இருந்ததால் தீயில் தப்பின. அயர்லாந்து திருச்சபையின் (ஆங்கிலிக்கன் சபை) பதிவேடுகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. 1841, 1851 கணக்கெடுப்புகளில் சிறு பகுதி வேறு வழியாகப் பிழைத்திருக்கிறது: ஓய்வூதியம் கேட்டவர்களின் வயதைச் சரிபார்க்க எழுதி எடுத்த படிவங்கள் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

கேள்வி: உள்ளே போக என்ன வேண்டும்?
– வாசகர், சேலம்

பதில்: நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் வரவழைத்துப் படிக்க வாசகர் அட்டை வேண்டும், அது இலவசம். பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் எடுத்துப் போங்கள். பை லாக்கரில் போகும், பேனாவும் கூடாது, பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். படமெடுக்கும் முன் மேசையில் அனுமதி கேளுங்கள். திறக்கும் நாளும் நேரமும் அறைக்கு அறை மாறும் என்பதால், டிக்கெட் போடும் முன் நூலகத் தளத்தைப் பாருங்கள். அயர்லாந்து ஷெங்கன் நாடு அல்ல, ஷெங்கன் விசாவில் உள்ளே விட மாட்டார்கள்.

கேள்வி: அங்கே கிடைக்கும் பதிவை வைத்து ஐரிஷ் குடியுரிமை கேட்கலாமா?
– வாசகர், ஆவடி

பதில்: தாத்தா அல்லது பாட்டி அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் சேர விண்ணப்பிக்கலாம். அதற்கு மேல் ஒரு தலைமுறை போனால், பொதுவாக நீங்கள் பிறக்கும் முன்பே உங்கள் தாயோ தந்தையோ அதில் பதிவாகியிருக்க வேண்டும். நூலகத்தில் எடுத்த அச்சுப்படி பிறப்புச் சான்றிதழ் ஆகாது. பிறப்புப் பதிவு 1864 ஜனவரி 1 முதல் உண்டு. நூறு ஆண்டு கடந்த பிறப்புகளின் பதிவுப் படங்களை அரசின் வம்சாவளித் தளத்தில் இலவசமாகப் பார்த்து, மாவட்டம், தொகுதி எண், பக்க எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பொதுப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிதழுக்குப் பணம் கட்டுங்கள். வடக்கிலுள்ள ஆறு கவுன்ட்டிகளில் 1922 முதல் பிறந்தவர் என்றால் பெல்ஃபாஸ்ட் பதிவாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.