கன்னத்தில் ஷாக் அடிப்பது போல வலி, பல்லைப் பிடுங்கியும் போகவில்லை. அம்மாவுக்குத் தலையில் ஆபரேஷன் அவசியமா?

நீங்கள் டர்பனில் சாட்ஸ்வொர்த், நான் பக்கத்தில் ஷால்கிராஸ். என் மாமியாருக்கும் இதே ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்ற முக நரம்பு வலிதான். முதலில் ஒன்று: இன்னொரு பல்லைப் பிடுங்க விடாதீர்கள். தாடையில் வலிப்பதால் எல்லோரும் பல் டாக்டரிடம்தான் ஓடுகிறோம். ஆனால் பல் துலக்கினால், காற்றுப் பட்டால், ஒரு வாய் சோறு வைத்தால் சில நொடி வெட்டி இழுத்துவிட்டுப் போகும் வலி பெரும்பாலும் நரம்புடையது.

பலருக்கு, முகத்தின் உணர்வு நரம்பு மூளைத்தண்டில் சேரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அழுத்தித் துடித்துக்கொண்டே இருக்கும். நரம்பின் மேலுறை தேய்ந்து, லேசான தொடுதலே வலியாகிவிடுகிறது. கட்டியோ, நரம்பு மேலுறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயோ காரணமா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும்.

சாதாரண வலி மாத்திரை எடுபடாது. முதல் மருந்து கார்பமசெபின். பலருக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் ஆசிய வம்சாவளியினர் சிலரிடம் உள்ள எச்.எல்.ஏ-பி 1502 என்ற மரபணு இருந்தால், இதனால் உயிருக்கே ஆபத்தான தோல் பாதிப்பு வரலாம். நாம் இந்திய வம்சாவளி என்பதால், மருந்து தொடங்குமுன் அந்த ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். ரத்தத்தில் சோடியமும் குறையலாம். வயதானவர்கள் தள்ளாடி விழலாம். உடம்பில் தடிப்பு வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். மற்றபடி நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

சரி, ஆபரேஷன். உடனே அவசியமில்லை. ஆனால் "அது கடைசி வழி" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மாத்திரை கேட்காவிட்டாலோ, அளவு கூடிக் கூடி ஆள் தூங்கி வழிந்தாலோ நியூரோசர்ஜனைப் பார்த்துவிடவேண்டும். காதுக்குப் பின்னால் சின்னதாகத் திறந்து, ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி, நடுவே டெஃப்ளான் பஞ்சு வைப்பார்கள். 1960களில் அமெரிக்க நியூரோசர்ஜன் பீட்டர் ஜனெட்டா வளர்த்தெடுத்த முறை இது. நீண்டகால நிவாரணம் இதில்தான் அதிகம். அந்தப் பக்கக் காது மந்தமாகும் அபாயம் சிறிது உண்டு. வயது மட்டுமே தடையில்லை, உடல் தாங்கவேண்டும். தாங்காதவர்களுக்குக் கன்னம் வழியாக ஊசி செலுத்தி நரம்பைச் சுடுவது, பலூனால் அழுத்துவது என்று வழிகள் உண்டு. காமா நைஃப் கதிர்வீச்சில் வெட்டே இல்லை, ஆனால் வலி குறைய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்.

மாமியார் பலூன் முறையைத் தேர்ந்தெடுத்தார். வலி திரும்பலாம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இப்போது கன்னம் மரத்திருக்கிறது, அது தனக்குப் பெரிய விஷயமில்லை என்கிறார், பயமில்லாமல் சாப்பிடுகிறார்.

அரசு வழியில் டர்பன் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனைக்கு நேரே போக முடியாது, பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதை உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் இப்போதே கேளுங்கள்.