மாலத்தீவுக்குப் போகும் ஆசிரியத் தம்பதிகள்: கேள்வி பதில்

நானும் என் கணவரும் மாலத்தீவின் தென்பகுதியில் ஒரு தீவுப் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் இயற்பியல். அங்கே வேலைக்குப் போக நினைக்கும் கணவன் மனைவியர் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மார்த்தாண்டம்: டீச்சர், இரண்டு பேருக்கும் வேலை உறுதி என்கிறார் ஏஜென்ட். முன்பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். முதலில் இரண்டு பேரின் வேலை ஆர்டரையும் வாங்கிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே தீவின் பெயர் இருக்கிறதா? "பக்கத்துத் தீவுதான்" என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்துத் தீவு என்றாலும் நடுவில் இருப்பது கடல். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் படகு எப்போது வரும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. அவர் ஒரு தீவு, இவர் ஒரு தீவு என்று இரண்டு வாடகை, இரண்டு அடுப்பு வைத்துத் தவித்த தம்பதிகளை எனக்குத் தெரியும். போய்ச் சேர்ந்த பிறகு மாற்றல் வாங்குவது லேசான காரியம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சின்னத் தீவில் பள்ளியும் சின்னது. ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர்தான் வேண்டியிருக்கும். நீங்கள் இருவரும் கணக்கு என்றால் ஒரே தீவு கிடைப்பது அரிது. ஒருவர் தொடக்க வகுப்புக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று பாருங்கள். மக்கள்தொகை அதிகமுள்ள அட்டு, தலைநகர் மாலேயை ஒட்டிய ஹுல்ஹுமாலே போன்ற இடங்களில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் ஹுல்ஹுமாலேயில் வாடகை சம்பளத்தைத் தின்றுவிடும்.

தக்கலை: அக்கா, ஞாயிற்றுக்கிழமை சர்ச் போக முடியுமா?

முடியாது. அங்கே வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறு பள்ளி உண்டு. வெளியே கூடி ஜெபிக்க அனுமதி இல்லை. வீட்டுக்குள் உங்கள் ஜெபத்தை நீங்கள் செய்துகொள்ளலாம். இந்துக்களும் கவனியுங்கள், வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. மது, பன்றியிறைச்சியும் அப்படியே. விமான நிலையத்தில் பெட்டியைப் பார்ப்பார்கள். நோன்பு மாதத்தில் பகலில் வெளியே எதுவும் சாப்பிடாதீர்கள். ஊர்க்காரர்கள் நல்லவர்கள், சாயங்காலம் உங்கள் வீட்டுக்கே பலகாரம் வரும்.

திண்டுக்கல்: சம்பளம் எவ்வளவு வரும்?

பாடம், படிப்பு, அனுபவம், பள்ளி எல்லாவற்றையும் பொறுத்தது. ஆர்டரில் அந்நாட்டுப் பணமான ருஃபியாவில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஏஜென்ட் டாலரில் சொல்வதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

நாகர்கோவில்: ஏன் டாலரில் கணக்குப் போடக் கூடாது? ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்றுதானே இருக்கிறது?

அது அதிகாரபூர்வ விலை. 15,420 ருஃபியா சம்பளம் என்றால் காகிதத்தில் 1,000 டாலர், சரி. ஆனால் ஊருக்கு அனுப்ப அந்த விலைக்கு வங்கியில் டாலர் கிடைக்க வேண்டுமே! மாலேயில் நம் ஸ்டேட் வங்கிக் கிளை 1974 முதல் இருக்கிறது. ஆனால் மாதம் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு உண்டு, அந்த வரம்பும் மாறிக்கொண்டே இருக்கும். மீதிக்கு வெளியே டாலர் வாங்கினால் விலை அதிகம். 19 ருஃபியா என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே சம்பளம் சுமார் 812 டாலர்தான். ஊரில் வீட்டுக்கடன் வைத்திருப்பவர்கள் புறப்படும் முன்பே இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நாகர்கோவில், மறுபடியும்: அதனால்தான் எல்லோரும் வங்கிக்குப் போகாமல் தரகர் மூலம், உண்டியலில் அனுப்புகிறார்கள். சொன்ன நேரத்துக்குப் பணம் வந்துவிடுகிறது.

வந்துவிடும், தம்பி. யார் கணக்கிலிருந்து வருகிறது? முகம் தெரியாத யாரோ உங்கள் அம்மா கணக்கில் பணம் போடுகிறார். அது இணைய மோசடிப் பணமாக இருந்தால் புகார் வந்த நாளில் அம்மா கணக்கு முடங்கும். அதுபோக, உண்டியலே அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம்.

குலசேகரம்: நான் ஆறு வருடமாக அப்படித்தான் அனுப்புகிறேன் டீச்சர். ஒன்றும் ஆகவில்லை. வங்கி வரம்பு போட்டால் நாங்கள் என்ன செய்வது? குழந்தை ஃபீஸ் காத்திருக்குமா?

உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. உழைத்த சம்பளத்தை வீட்டுக்கு அனுப்ப முடியாமல் தவிப்பது பெரிய அநியாயம், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனாலும் உண்டியல் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கணவன் மனைவி இருவருக்கும் சம்பளம் வந்தால் இரண்டு பேர் பெயரிலும் தனித்தனிக் கணக்கு தொடங்குங்கள், இரண்டு பேரின் வரம்பும் உதவும். ஒருவர் சம்பளத்தில் அங்கே குடும்பம் நடத்தி, மற்றவர் சம்பளத்தை அனுப்பலாம். விடுமுறைக்கு வரும்போது முறையாக வாங்கிய டாலரை ரசீதோடு கொண்டுவரலாம். இதற்கும் ஒரே தீவில் இருந்தால்தான் வழி. இரண்டு வீடு வைத்தால் மிச்சமே இருக்காது.

தென்காசி: மனைவியை டிபெண்டன்ட் விசாவில் (என்னைச் சார்ந்தவர் என்ற விசாவில்) கூட்டிப்போய் அங்கே ட்யூஷன் எடுக்கச் சொல்லலாமா?

கூடாது. அவருக்குத் தனி வேலை அனுமதி வேண்டும்.

மதுரை: சம்பளம் எவ்வளவு?

மேலே சொல்லிவிட்டேன்.

கோவில்பட்டி: நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா? மொழி தெரியாமல் வகுப்பு எடுக்க முடியுமா?

முடியும். காய்கறி மாலேயிலிருந்து சரக்குப் படகில் வரும். படகு வந்த அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். முருங்கைக்கீரை, தேங்காய் தீவிலேயே கிடைக்கும். வெளியே சாப்பிட்டால் எல்லாவற்றிலும் சூரை மீன் இருக்கும். நம் ஊர் மாசிக் கருவாடே அங்கிருந்து வருவதுதானே.

இஸ்லாம், திவேஹி மொழி தவிர மற்ற பாடங்கள் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் திவேஹி கற்றுக்கொள்ளுங்கள். அதன் எழுத்தான தானா வலமிருந்து இடமாகப் போகும், பழக நாளாகும். பேச்சு சீக்கிரம் வந்துவிடும். சின்னப் பிள்ளைகள் அழுதால் ஆங்கிலத்தில் அழ மாட்டார்கள். பெற்றோரிடமும் நான்கு வார்த்தை பேசினால்தான் ஒட்டும். பெரிய வகுப்பு எடுப்பவர்கள் கேம்பிரிட்ஜ் தேர்வின் பழைய வினாத்தாள்களை இங்கேயே போட்டுப் பழகுங்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் மனப்பாடம் செய்து எழுதுவது அங்கே மதிப்பெண் வாங்காது. பிரம்பை மறந்துவிடுங்கள்.

சிவகாசி: சம்பளப் பேச்சு இருக்கட்டும், முதலில் டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே வேலை தேடலாமா?

வேண்டாம். இந்தியர்களுக்கு இறங்கியதும் இலவச விசா கிடைக்கும், அது சுற்றிப் பார்க்க. அதில் வேலை செய்து பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். வேலை அனுமதி கையில் வந்த பிறகு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுங்கள்.