உழைத்தது பழுப்பு, பெயர் வெள்ளைக்கு

கேள்வி: மாளிகையில் உட்கார்ந்து வெள்ளைப் பியானோ வாசித்தபடி, சொத்தே இல்லாத உலகத்தை எண்ணிப் பார்க்கச் சொன்னவர் ஜான் லெனன். அவருடைய ‘இமாஜின்’ பாட்டுக்கு இத்தனை காலமாக இத்தனை புகழ் தகுமா?

பதில்: மாளிகை சரி. இங்கிலாந்தில் ஆஸ்கட் பக்கத்தில், டிட்டன்ஹர்ஸ்ட் பார்க், 72 ஏக்கர். பியானோதான் தப்பு. படத்தில் நீங்கள் பார்த்த வெள்ளை கிராண்ட் பியானோ வேறு, 1971 இசைத்தட்டில் கேட்பது வேறு. படத்தில் அந்தப் பியானோ நிற்கிற வெள்ளை அறையில் எதிரொலி அதிகம், ஒலிப்பதிவுக்குத் தேறவில்லை. வீட்டு ஸ்டூடியோவில் வேலை பார்த்தது சுவரோரம் நிற்கிற ரகத்துப் பழுப்பு ஸ்டைன்வே பியானோ. உடம்பில் சிகரெட் சுட்ட தழும்பு வேறு. வெள்ளை போஸ் கொடுத்தது, பழுப்பு உழைத்தது. சண்டைக்காட்சியில் டூப் போடுகிறவருக்கு நேர்வதுதான். ஆனால் 2000-ல் பழுப்புக்கு நல்ல காலம் பிறந்தது. ஏலத்தில் 14.5 லட்சம் பவுண்டுக்கு அதைப் பாப் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் வாங்கினார். சொத்து வேண்டாம் என்ற பாட்டு விட்டுச்சென்ற சொத்து! முரண்பாடு தேடுகிறவர்கள் மாளிகையை விட்டுவிட்டு இந்த ரசீதைப் பிடித்துக்கொள்ளலாம்.

புகழ் தகுமா? மெட்டுக்குத் தாராளமாகத் தகும். பியானோவில் சேர்த்து அழுத்துகிற சுரக்கூட்டுகள் இவைதான்: சி மேஜர், மேஜர் செவன்த்தை லேசாகத் தொட்டு எஃப். அந்த எஃப் முடிகிற இடத்தில் ஏ, பி ஃப்ளாட், பி என்று ஒவ்வொரு சுரமாக மூன்று படி ஏறி மறுபடி சி. அவ்வளவுதான், ஆனால் கெடுப்பது சுலபம். ஒலியை நீட்டுகிற பெடலை மிதித்தபடியே வாசித்தால் அந்த மூன்று சுரமும் குழம்பிக் கூழாகிவிடும். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 76 தட்டு. மேடைப் பாடகர்கள் அதை 60-க்கு இறக்கி ஒப்பாரி ஆக்குவார்கள். (இவர்களோடு எனக்கு உள்ள தகராறு பழைய வாசகர்களுக்குத் தெரியும்.) முதல் சரணத்தில் பியானோவும் குரலும் மட்டும், டிரம்ஸும் பேஸும் இரண்டாவதில்தான் சேரும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் முதல் வரியிலேயே வயலின் கூட்டத்தை இறக்கிவிடுகிறார்கள்.

வரிகள்? மதம் வேண்டாம், நாடு வேண்டாம், சொத்து வேண்டாம். கசப்பு மருந்துக்குச் சர்க்கரை பூசியதால்தான் விழுங்கினார்கள் என்று லெனனே சொல்லியிருக்கிறார். பூச்சு கொஞ்சம் கனம்தான். இல்லாவிட்டால், நாட்டுக்கொரு கொடி பிடித்து அணிவகுக்கிற ஒலிம்பிக் தொடக்க விழாக்களில் 2018, 2021, 2024 என்று இதையே பாடவைப்பார்களா?

இன்னொன்று. லெனனின் பழைய குழுவான பீட்டில்ஸைக் கெடுத்தது அவர் மனைவி யோகோ ஓனோதான் என்று மாதம் தவறாமல் எழுதுகிற கோஷ்டிக்கு: ‘எண்ணிப் பார்’ என்று கட்டளை போடுகிற உத்தியே அந்த அம்மாளின் 1964 புத்தகமான ‘கிரேப்ஃப்ரூட்’டிலிருந்து வந்தது. லெனன் 1980-லேயே ஒப்புக்கொண்டார். ஓனோவுக்குப் பாட்டின் இணை ஆசிரியர் என்ற அங்கீகாரம் 2017-ல்தான் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதக் கடிதத்தை இதைப் படித்துவிட்டு எழுதவும்.

மற்றபடி, 2020 மார்ச்சில் ஹாலிவுட் பிரபலங்கள் ஆளுக்கொரு வரி பாடி ஒட்டிய வீடியோவை வைத்து இந்தப் பாட்டை எடைபோடாதீர்கள். பக்கவாத்தியம் இல்லை, ஆளுக்கொரு சுருதி. பாடுவதற்கு முன் எல்லோருக்கும் ஒரே ஒரு சி சுரத்தை அனுப்பிவைத்திருந்தால் பாதி வசவு மிச்சமாகியிருக்கும்.