வெறும் பெட்டிகள்

அன்புள்ள ஐயா,

செச்சென்யாவின் தலைநகரான குரோஸ்னியில் ரஷ்யப் படை நடத்திய போரைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அந்தப் போரின் படங்களில், எரிந்து கிடக்கும் ரஷ்ய டாங்கிகள் மேல் செங்கல் அடுக்கினாற்போல் பெட்டிகள் தெரிகின்றன. அவை வெடிகவசம் என்கிறார்கள். டாங்கியின் மேலேயே வெடிமருந்தைக் கட்டிக்கொண்டு போவது எப்படிப் பாதுகாப்பாகும்? பாதுகாப்புதான் என்றால் அந்த டாங்கிகள் ஏன் எரிந்தன? பழைய டாங்கிகளில் இதை மாட்டுவதால் பயன் உண்டா?

பாலமுருகன், திருச்சி

அன்புள்ள பாலமுருகன்,

உங்கள் இரண்டாவது கேள்வி பல வருடங்களாக என் மனதை அரிக்கும் கேள்வி. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

ஆர்.பி.ஜி. என்பது தோளில் வைத்து டாங்கியை நோக்கி எய்யும் ஆயுதம். அதன் குண்டின் தலைக்குள் உலோகக் கூம்பு ஒன்று இருக்கும். குண்டு மோதி வெடித்ததும் கூம்பு நசுங்கி, ஊசிபோன்ற தாரையாகப் பீய்ச்சி அடிக்கும். நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்துக்கு முன்னால் எஃகு சேறுபோல விலகிவிடும். வெடிகவசப் பெட்டிக்குள் இருப்பது, இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே மெல்லியதாகப் பரப்பிய வெடிமருந்து. தாரை பட்டவுடன் மருந்து வெடித்துத் தகடுகளை எதிரெதிர்ப் பக்கம் தள்ளும். சாய்வாக வைத்திருப்பதால், பறக்கும் தகடு தாரையின் குறுக்கே நகர்ந்துகொண்டே போகும். துளைத்த இடத்திலேயே துளைக்க விடாமல் புதுப்புது இரும்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். தாரை துண்டாகிச் சிதறிவிடும், மிச்சத்தை டாங்கியின் சொந்தக் கவசம் தாங்கிக்கொள்ளும். துப்பாக்கிக் குண்டு பட்டால் அந்த மருந்து வெடிக்காது. ஆகவே பயம் வேண்டாம்.

சோவியத் ஆய்வாளர்கள் 1950களின் கடைசியிலேயே இந்த யோசனையைச் சோதித்துப் பார்த்தார்கள். அப்புறம் அது கிடப்பில் போனது. 1982 லெபனான் போரில் இஸ்ரேல் தன் டாங்கிகளில் இதை மாட்டிக்கொண்டு வந்த பிறகுதான் மாஸ்கோ விழித்துக்கொண்டது. மறுவருடமே ‘கொன்டாக்ட்-1’ என்ற சோவியத் வெடிகவசம் ஏற்கப்பட்டது. டி-64, டி-72, டி-80 என்ற டாங்கி வகைகள் மூன்றிலும் ஏறியது. நம் ஆவடியில் உருவான டி-72 அஜேயாவிலும் பிற்பாடு இதேபோன்ற கவசம் வந்தது.

பழைய டாங்கிக்குப் பயன் உண்டா? உண்டு. எடை ஒன்றிரண்டு டன்தான் கூடும், அதற்குக் கிடைக்கும் காப்பு பெரிது. ஆனால் எல்லை தெரிந்து மாட்ட வேண்டும். செங்குத்தாக அடிபட்டால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு பெட்டி ஒரு முறைதான், அதே இடத்தில் இரண்டாவது குண்டு விழுந்தால் அங்கே வெற்றுக் கவசம்தான். முன்னால் சின்ன வெடியும் பின்னால் பெரிய வெடியுமாக இரட்டைத் தலை வைத்த ஆர்.பி.ஜி. குண்டுகளை 1980களின் கடைசியில் சோவியத் படையே கொண்டுவந்துவிட்டது. சின்ன வெடி பெட்டியைத் தீர்த்துவிடும், பெரிய வெடி கவசத்தைத் துளைக்கும். எதிரி டாங்கி எய்யும் அம்புபோன்ற குண்டைக் கொன்டாக்ட்-1 தடுக்காது, அதற்குக் கனமான ‘கொன்டாக்ட்-5’ வர வேண்டியிருந்தது. 2022 முதல் ரஷ்யர்கள் டி-62 என்ற பழைய டாங்கிகளைக் கிடங்கிலிருந்து இழுத்து இதே கொன்டாக்ட்-1ஐ மாட்டி உக்ரைனுக்கு அனுப்பினார்கள். உள்ளே உட்காரும் நான்கு பேருக்கு ஒன்றுமில்லாததற்கு அது மேல், அவ்வளவுதான் சொல்வேன்.

சரி, குரோஸ்னிக்கு வருகிறேன். மாட்டும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் அங்கே நடந்தது புரியும். டாங்கியின் உடலிலும், பீரங்கி பொருத்திய மேல்பகுதியான கோபுரத்திலும் சின்னச் சின்ன முனைகளை வெல்டிங் செய்து, பெட்டிகளை அவற்றில் போல்ட் போட்டு முறுக்குவார்கள். பெட்டி என்பது மெல்லிய இரும்புக் கூடு மட்டுமே. மூடியைக் கழற்றி, நான் மேலே சொன்னபடி நடுவே மருந்து வைத்த தட்டையான வெடித்தகடுகள் இரண்டை உள்ளே வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் கால் கிலோவுக்குச் சற்று மேல் மருந்து. ஒரு டி-72க்கு இருநூறு பெட்டிகளுக்கு மேல். அமைதிக் காலத்தில் பெட்டி மட்டும் டாங்கியில் இருக்கும், தகடுகள் கிடங்கில் இருக்கும். போருக்குப் புறப்படும்போது எடுத்து நிரப்ப வேண்டும்.

1994 டிசம்பர் 31 அன்று நகருக்குள் நுழைந்த பல டாங்கிகளில் அந்த வேலை நடக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் நிரம்பிய பெட்டிக்கும் வெறும் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. நீங்கள் பார்த்த படங்களில் இருப்பவற்றில் பல, வெறும் பெட்டிகள்.

நிரப்பியிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். செச்சென் போராளிகள் மாடிகளிலிருந்தும் நிலவறைகளிலிருந்தும் சுட்டார்கள். டாங்கியின் பீரங்கியை அவ்வளவு உயர்த்தவும் முடியாது, தாழ்த்தவும் முடியாது. பக்கவாட்டிலும் பின்னாலும் குண்டுமேல் குண்டு விழுந்தது. டி-72இல் 22 குண்டுகள் வீரர்களின் காலடியிலேயே வட்டமாக அடுக்கியிருக்கும், தாரை உள்ளே புகுந்து அதைத் தொட்டால் கோபுரமே பிய்த்துக்கொண்டு போகும். ரயில் நிலையத்தில் சிக்கிய ரஷ்யாவின் மைகோப் படைப்பிரிவு கொண்டுபோன 26 டாங்கிகளில் 20 அழிந்தன. அதன் தளபதி கர்னல் இவான் சாவினும் அங்கேயே இறந்தார்.

ஆனாலும் என்னால் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. முதல் குண்டை அந்தப் பெட்டி தாங்கியிருந்தால், டாங்கியைப் பின்னுக்கு எடுக்கவோ மூடியைத் திறந்து குதித்து ஓடவோ சில நொடிகள் கிடைத்திருக்கும். அங்கே போன டாங்கிகளில் தலா மூன்று பேர். கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அவர்களில் எத்தனையோ பேர். மூடியைக் கழற்றி, இரண்டு தகடுகளை வைத்து, திரும்பப் பூட்டுகிற வேலை அது. அதற்கான தகடுகளும் அவர்கள் கைக்கு வரவில்லை, நேரமும் தரப்படவில்லை.