ஆடு மாடுகளுக்கு வயதுக்கு வயது என்னென்ன பெயர்கள்?

சந்தையில் ‘கிடேரி’, ‘ரெண்டு பல்லு’, ‘மூணாம் ஈத்து’ என்று பேசிக்கொள்கிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. கன்று, பசு, காளை என்பதற்கு மேல் வயதுவாரியாகப் பெயர்கள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய உண்டு. நான் காங்கேயம் பக்கத்துக்காரன். கட்டுத்தறியில் மாடும் பட்டியில் செம்மறியும் பார்த்து வளர்ந்தவன். ஊருக்கு ஊர் சொல் மாறும் என்பதால் எங்கள் பக்கத்துப் பேச்சை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பெயர்கள் வருடக் கணக்கைச் சொல்ல வந்தவை அல்ல. மாடு பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள், மடியைப் பார்ப்பார்கள், எத்தனை தடவை ஈன்றது என்று கேட்பார்கள். அதிலிருந்துதான் பெயர் வரும்.

மாடு கன்று போட்டது என்றால் பக்கத்து வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி, “காளங்கன்னா, கிடேரிக்கன்னா?” என்பதுதான். அந்த மாட்டுக்கு அது முதல் கன்று என்றால் தலைச்சன். காங்கேயம் மாட்டைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள், பிறந்த கன்றைக் காட்டினால் நம்பமாட்டார்கள். சாம்பல் நிறத்துத் தாயின் காலடியில் செக்கச் செவேலென்று நிற்கும். ஆறு மாதம் ஆகிற வாக்கில் அந்தச் செம்மை மெல்ல மெல்ல வெளுத்துச் சாம்பல் ஏறும். சின்ன வயதில் எனக்கு அதுதான் கணக்கு. காதோரம் இன்னும் சிவப்பு இருந்தால் பச்சைக்கன்று.

பெண் கன்று பால் மறந்து, புல் மேய்ந்து, வளர்ந்துவிட்டால் கன்று என்ற பெயர் போய் வெறும் கிடேரி ஆகிவிடும். கிடாரி என்றும் சொல்வார்கள். ஈனாத வரைக்கும் அது கிடேரிதான், மூன்று வயதானாலும் நான்கு வயதானாலும். சினை பிடித்தால் சினைக்கிடேரி. ஏறக்குறைய 280 நாள் சுமந்து கன்று போட்ட அன்றைக்குத்தான் கிடேரி என்ற பெயர் கழன்று ‘மாடு’ என்ற பெயர் வருகிறது. தலையீத்து மாடு, அதாவது முதல் தடவை ஈன்றது. அதற்குப் பிறகு அதன் வயதை யாரும் கேட்பதில்லை. ரெண்டாம் ஈத்து, மூணாம் ஈத்து என்று ஈத்துக் கணக்குதான். இடையிடையே அது கறவை, பால் வத்தின மாடு, நிறைசினை என்று மாறிக்கொண்டே இருக்கும். ஒரே மாட்டுக்கு ஒரே வருடத்தில் மூன்று பெயர் வந்துபோகும். சினையே பிடிக்காவிட்டால் மலடு.

ஈத்துக் கணக்கில் நாங்கள் ஒரு தடவை ஏமாந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சித்தப்பா தரகர் ஒருவரை நம்பி, ரெண்டாம் ஈத்து என்று ஒரு மயிலை (சாம்பல் நிற) மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பா போர்வையோடு எழுந்து வந்து கட்டுத்தறியில் நின்றார். மாட்டின் கொம்பைப் பிடித்து, அடியிலிருந்து மேலே கட்டைவிரல் நகத்தால் மெதுவாக வருடினார். ஒவ்வொரு ஈத்துக்கும் கொம்பில் ஒரு வளையம் விழும். அந்தக் கொம்பு வழவழவென்று இருந்தது, யாரோ நன்றாகச் சீவி எண்ணெய் போட்டிருந்தார்கள். ஆனாலும் அடிக்கொம்பில் சீவியது போக லேசான மேடுகள் நகத்துக்குத் தட்டின. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து எண்ணச் சொன்னார். ஐந்து. “அஞ்சு ஈத்து போட்டிருக்கு சாமி” என்றார், சித்தப்பாவைப் பார்க்காமல். பிறகு வாயைப் பிளந்து காட்டினார். எட்டுப் பல்லும் தேய்ந்து, நடுப்பல் இரண்டும் குட்டையாகிவிட்டிருந்தன. அந்த மாட்டை நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னும் இரண்டு கன்று போட்டது.

பல் கணக்குக்கு வருகிறேன். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே மட்டும் எட்டு. கன்றுக்கு இருப்பவை பால்பல், சின்னதாக வெளேரென்று இருக்கும். இரண்டு, இரண்டரை வயது வாக்கில் நடுவில் உள்ள இரண்டும் விழுந்து அகலமான பல் முளைக்கும். அது ‘ரெண்டு பல்லு’. மூன்று வயதுக்கு நாலு பல்லு, நான்கு வயது வாக்கில் ஆறு பல்லு, ஐந்துக்குள் எட்டும் முளைத்துவிட்டால் ‘கடைசேந்தது’ என்பார்கள். உழவுக்கு மாடு வாங்குகிறவர் தேடுவது இரண்டு பல்லும் நாலு பல்லும்தான். அதற்கு முன்னால் நுகத்தடி வைத்தால் எலும்பு தாங்காது. கடைசேர்ந்த பிறகு பழக்க நினைத்தால் மாடு படியாது. துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற சந்தையில் பல் எத்தனை என்பது மட்டும் வாய்விட்டுச் சொல்லப்படும். காரணம், அதை யார் வேண்டுமானாலும் வாயைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

காளங்கன்று வளர்ந்து காளை ஆனதும் வழி இரண்டாகப் பிரியும். ஊரில் மாடுகளுக்குச் சேர்க்க நிறுத்தி வைப்பது பொலிகாளை, எங்கள் பேச்சில் பூச்சிக்காளை. மற்றவை காயடிக்கப்பட்டு எருது ஆகும். பேச்சுவாக்கில் உழவுமாட்டையும் காளை என்று சொல்வதுண்டு, ஆனால் விலை பேசும்போது யாரும் இந்த இரண்டையும் குழப்பமாட்டார்கள். காங்கேயத்தில் இதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். பூச்சிக்காளைக்குத் திமில், கழுத்து, தொடை எல்லாம் கருத்து நிற்கும். காயடித்த எருதுக்கு அந்தக் கருமை வடிந்து உடம்பு முழுக்கச் சாம்பலாகிவிடும். செவலையாகப் பிறந்து, சாம்பலாகி, கருத்து, மறுபடியும் சாம்பலாகிற ஒரு உயிர். அதன் தோலிலேயே அதன் வயதும் பெயரும் எழுதியிருப்பதுபோல எனக்குத் தோன்றும்.

செம்மறிக்கு எல்லாமே வேகம். சினை பிடித்த ஐந்து மாதத்தில் ஈன்றுவிடும். ஒன்று, ஒன்றரை வயதுக்குள் இரண்டு பல் போட்டுவிடும். பிறந்தவுடன் கெடாக்குட்டி, மூட்டுக்குட்டி என்று பிரிப்போம். மூட்டுக்குட்டி என்றால் பெட்டை. இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. தொல்காப்பிய மரபியலில் ‘மூடு’ என்பது பெண் ஆட்டுக்கே உரிய பெயராக இருக்கிறது. எங்கள் பட்டியில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பாட்டிக்கு எழுத்து வாசனை கிடையாது, ஆனால் நாள்தோறும் அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மறி என்பதும் அதே மரபியலில் இளமைப் பெயர்களில் ஒன்று, ஆட்டுக்கும் மானுக்கும் உரியது. குட்டிக்கு இருந்த அந்தப் பெயர் ‘செம்மறி’ என்று இனம் முழுமைக்கும் ஒட்டிக்கொண்டது. ஈன்றது தாயாடு. இனத்துக்கு நிறுத்துவது பொலிகிடா. கொழுக்க வைப்பதற்கு உடையடித்தது (காயடித்ததைத்தான் அப்படிச் சொல்வோம்) உடையடிச்ச கெடா. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் (ஆடு மேய்ப்பவர்கள்) வயல்களில் கிடை போட்டு (மந்தையை இரவில் தங்க வைத்து) ஊர் ஊராகப் போகும்போது, பால்குடிக் குட்டிகளை மட்டும் குடாப்பு என்கிற கூண்டுக்குள் அடைத்துவிட்டுத் தாயாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டுவார்கள். குடாப்பில் இருக்கிறதா, மேய்ச்சலுக்குப் போகிறதா என்பதே அங்கே குட்டிக்கு வயது.

புதிதாகக் கேட்பவர்கள் தடுமாறுகிற ஓர் இடம் உண்டு. கிடா என்பது ஆட்டுக்கு மட்டுமல்ல, எருமையில் ஆணுக்கும் அதுவே பெயர், எருமைக்கிடா. ஆனால் காதுக்கு அதே மாதிரி ஒலிக்கிற கிடேரி பெண். பசுவிலும் எருமையிலும் கிடேரி உண்டு.

கடைசேர்ந்த மாட்டுக்குப் பிறகு பல்லில் புதிதாக எண்ண ஒன்றுமில்லை, தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் கிழமாடு. அதற்கும் பிறகு சந்தையில் ஒரு பெயர் உண்டு, அடிமாடு. எங்கள் வீட்டு ஏரில் பதினான்கு வருடம் வலத்து மாடாக நின்ற எருது, கடைசி இரண்டு வருடம் வேலை எதுவும் இல்லாமல் கட்டுத்தறியில் படுத்திருந்தது. விலைக்குக் கேட்டு வந்தவர் ஒருநாள் அதன் முன்னால் நின்று அந்தச் சொல்லைச் சொன்னார். அப்பா அவருக்கு மோர் கொடுத்து, வாசல் வரைக்கும் கூட வந்து, “கட்டுத்தறியில வெச்சு அந்தப் பேரச் சொல்லாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.